அடுக்கு கேட்டலிஸ்ட் போட்டு ஓட்டுறதுக்கு ஃபிக்ஸட் பெட் ரியாக்டர் வாங்கப் போறீங்களா, இத படிச்சிட்டு பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போடுங்க

லேப் சைஸ் ரியாக்டர் வாங்கலாமா, நீங்க வச்சிருக்கது எப்படி இருக்குன்னு கேக்குறவங்க ஜாஸ்தியாயிட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி மாளல, அதனால மொத்தமா இங்கனயே எழுதிருதேன். கம்பெனி பேரு சொல்ல மாட்டேன், இன்பாக்ஸ்ல வந்தும் கேக்காதீங்க. நம்ம நாட்டுலயே செய்யுத மிஷின் தான், 15 லட்சத்துக்கு மேல ஆச்சு, பாளையங்கோட்டைல ஒரு காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல நிக்கி, அத ஓட்டுதவன் நான். சுருக்கமா கேட்டா டியூபும் பம்பும் அருமை, ஃபர்னஸ் சுமார், கன்டென்சர் மோசம், சர்வீஸ் பத்தி தனியா சொல்லுதேன் இருங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. இதுல பிளாஸ்க்ல ஊத்தி கிண்டுற வேலையே கிடையாது. நட்டமா நிக்குற எஸ்.எஸ். டியூப், சுத்தி சூடு பண்ணுற ஃபர்னஸ், உள்ள அசையாம கெடக்குற கேட்டலிஸ்ட், அதாவது ரியாக்ஷன வேகமா நடத்தி வைக்குற துணுக்கு, இந்தக் குவியலுக்குத் தான் பெட்னு பேரு. மேல இருந்து பம்பு மெத்தனால கொஞ்சங் கொஞ்சமா தள்ளும், அது ஆவியாகி நைட்ரஜனோட சேந்து கேட்டலிஸ்ட் வழியா எறங்கி கீழ கன்டென்சர்ல குளுந்து ஒரு பக்கம் கேஸ், ஒரு பக்கம் லிக்விட்னு பிரிஞ்சு வரும், நீங்க நிறுத்துற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும். நாங்க ஓட்டுறது மெத்தனால்ல இருந்து பெட்ரோல் ரக ஹைட்ரோகார்பன். புதுசு ஒண்ணும் இல்ல, மொபில் கம்பெனிக்காரங்க 1970-கள்ல இசட்.எஸ்.எம்-5ங்குற ஜியோலைட்ட (பொடிப் பொடி துளை உள்ள கேட்டலிஸ்ட்) வச்சு கண்டுபுடிச்சது, 1985-லயே நியூசிலாந்துல மோட்டுநூயிங்குற ஊர்ல இயற்கை எரிவாயுவ மெத்தனாலாக்கி அத பெட்ரோலாக்கி ஒரு நாளைக்கு 14,500 பீப்பாய் எடுத்த பிளான்ட் ஓடிருக்கு. அங்க முதல் ரியாக்டர்ல அலுமினா, அடுத்ததுல ஜியோலைட். நமக்கு ரெண்டு ரியாக்டர் வாங்க காசு ஏது, ஒரே டியூப்ல மேல அலுமினா கீழ ஜியோலைட்னு அடுக்கிற வேண்டியதுதான்.

இந்த வரிசைய மாத்திரப்படாது. மேல காமா அலுமினாவுல மெத்தனால் ரெண்டு மூலக்கூறு சேந்து ஒரு தண்ணிய விட்டுட்டு டைமெத்தில் ஈதர் ஆயிரும், அங்கயே கொஞ்சம் சூடு கழிஞ்சிரும். மிச்ச சூடு கீழ ஜியோலைட்ல வெளிய வரும், அதுவும் சாதாரண சூடு இல்ல, வெளிய போக வழி விடலன்னா மொத்தத்துக்கு 600 டிகிரி வரைக்கும் ஏறக் கூடிய ரியாக்ஷன் இது. ஜியோலைட்ட தூக்கி மேல போட்டா மெத்தனால் முழுசும் அது தலையில தான் விழும், கீழ கெடக்குற அலுமினா சும்மா வேடிக்க பாக்கும்.

சரி, மிஷினுக்கு வாரேன். முதல்ல நல்லத சொல்லிருவோம். டியூப் உள் விட்டம் 12 மில்லிமீட்டர், நம்ம கேட்டலிஸ்ட 20-40 மெஷ் சல்லடைல சலிச்சு எடுத்தா துணுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு கீழ தான் இருக்கும், துணுக்க விட டியூப் 10 மடங்காவது அகலமா இருக்கணும்ங்குற கணக்கு பாஸ், இல்லன்னா ஆவி செவுரு ஓரமாவே நழுவிப் போயிரும். அடில குவார்ட்ஸ் கம்பளி, அது மேல சிலிக்கன் கார்பைடு கலந்த ஜியோலைட், திருப்பி கம்பளி, அப்புறம் அலுமினா, உச்சில வெறும் குவார்ட்ஸ் மணி. போடப் போட டியூப லேசா தட்டிக்கிட்டே இருக்கணும், கம்பளிய அமுக்கித் திணிச்சிட்டா பிரஷர் ஏறிரும். இத பண்ணுறதுக்கு டியூப கழட்டி மாட்டணுமே, ஃபர்னஸ் ரெண்டா பிளந்து தொறக்குற மாதிரி வச்சிருக்கதால அது ரொம்ப சுலபம். நடுவுல மேல இருந்து கீழ வரைக்கும் தெர்மோவெல்னு ஒரு மெல்லிசு குழாய் ஓடுது, அதுக்குள்ள சூடு அளக்குற தெர்மோகப்பிள கையால மேலயும் கீழயும் நகத்தி ஒவ்வொரு அடுக்குலயும் எத்தன டிகிரின்னு பாக்கலாம். இந்த ஒரு விஷயத்துக்கே அந்த டிசைன் பண்ணுன ஆளுக்கு கை கொடுக்கணும்.

ஆனா அப்படி நகத்திப் பாத்தப்ப தானே ஃபர்னஸோட வண்டவாளம் தெரிஞ்சுது. ஸ்கிரீன்ல 350ன்னு நிக்கும், ஜியோலைட்டோட மேல் பாகத்துல 380 தாண்டிக் கெடக்கும். ஏன்னா கன்ட்ரோல் பண்ணுற தெர்மோகப்பிள் ஃபர்னஸ் செவுருல இருக்கு, பெட்ல இல்ல. அத விட பெரிய குறை, ஃபர்னஸ் ஒரே சோன், அதாவது மொத்த டியூபுக்கும் ஒரே சூடு தான் வைக்க முடியும். அலுமினாவுக்கு 300 பக்கம் போதும், ஜியோலைட்டுக்கு 370 வேணும், ஒரே சோன்ல ரெண்டு அடுக்குக்கும் தனித்தனியா எப்படி வைக்க? அடுக்கு கேட்டலிஸ்டுக்கு ஏத்ததுன்னு பிரவுச்சர்ல கொட்ட எழுத்துல போட்டுட்டு சிங்கிள் சோன் ஃபர்னஸ் கொடுக்கது எந்த ஊரு நியாயம்னு தெரியல. மூணு சோன் மாடல் அவங்ககிட்டயே இருக்கு, ஆப்ஷன்ல தனி காசு. அந்தக் காச கொடுத்துருங்க, தயவு செஞ்சு.

கன்டென்சர். இங்க தான் வயிறு எரியுது. இந்த ரியாக்ஷன்ல டியூரீன்னு ஒரு சாமான் சேந்தே வரும், 79 டிகிரில தான் உருகும், அதுக்கு கீழ போனா கட்டி. கன்டென்சருக்கு போற லைன் என்னடான்னா காய்ச்சலுக்கு வைக்கிற தெர்மாமீட்டர் பருமன் கூட இல்ல, சூடு பண்ண டேப்பும் சுத்தல. ஒரு ரன்ல பிரஷர் கிடுகிடுன்னு ஏறுது, நிறுத்தி லைன் இணைப்புல இருக்க ஃபெருல் வளையத்த கழட்டுனா உள்ள வெள்ள வெளேர்னு ஊசி ஊசியா படிஞ்சு அடைச்சுக் கெடக்கு. லேப் அசிஸ்டன்ட் எட்டிப் பாத்துட்டு “அண்ணாச்சி, கற்பூரமா இது”ன்னு கேக்கான். ஹேர் டிரையர காட்டி உருக்கி எடுத்தோம். இப்ப நாங்களே ஹீட்டிங் டேப் வாங்கி சுத்தி 100 டிகிரில வச்சிருக்கோம், பிரச்சினை இல்ல, ஆனா இது அவங்க செஞ்சு அனுப்ப வேண்டிய வேல. கன்டென்சர குளுப்பிக்க கூடவே வந்த சில்லர் அக்னி நட்சத்திரத்துல திணறுது, நம்ம ஊரு மே மாசம் அவங்க டிசைன் பண்ணுன ஏசி ரூம் இல்ல பாருங்க.

அப்புறம் கரண்ட். யுபிஎஸ் மிஷின கன்ட்ரோல் பண்ணுற பிஎல்சிக்கு மட்டும் கொடுத்திருக்காங்க. கரண்ட் போனா பம்பு நிக்கும், நல்லது தான், ஆனா நைட்ரஜன் அளவ கன்ட்ரோல் பண்ணுற எம்எஃப்சியும் மூடிக்கிடும், சூடான பெட்ல ஆவி அப்படியே தேங்கி நிக்கும், கேட்டலிஸ்ட் மேல கரி கூடுதலா படியும். கரண்ட் போனா தானா தொறக்குற ஒரு வால்வு வச்சு நைட்ரஜன திருப்பி விட்டுட்டா முடிஞ்சு போச்சு. சில்லர் நின்னா பம்பும் நிக்கணும், அந்த இன்டர்லாக்கும் சாஃப்ட்வேர்ல இல்ல.

சர்வீஸ் என்ஜினியர் தங்கமான பையன், போன எடுக்கான், வீடியோ கால்ல கூடவே இருந்து உள்ள பிரஷர பிடிச்சு நிறுத்துற பேக் பிரஷர் ரெகுலேட்டர பிரிக்க வச்சான். ஆனா பார்ட்ஸ் கேட்டா ஆபீஸ்ல இருந்து கொட்டேஷன் வரும், நாம பிஓ போடுவோம், அப்புறம் சத்தமே இருக்காது. பம்பு சீலும் ஃபெருலும் வாங்கும்போதே கூடுதலா கேட்டு வாங்கி பெட்டிக்குள்ள போட்டுக்கிடுங்க.

ரிசல்ட் எப்படின்னா, நல்லாவே வருது. 100 கிராம் மெத்தனால் விட்டா 56 கிராம் தண்ணியாத் தான் வரும், 44 தான் ஹைட்ரோகார்பன், அதுவும் கணக்குப்படி முழுசா மாறுனா, அதுலயும் ஒரு பங்கு கேஸா போயிரும். புது பசங்க பாட்டில்ல மேல மஞ்சளா மெல்லிசா மிதக்குறத பாத்துட்டு மூஞ்ச தொங்கப் போடுவாங்க, கெமிஸ்ட்ரியே அப்படித் தாம்லேன்னு சொல்லி உள்ள என்னென்ன இருக்குன்னு பிரிச்சுக் காட்டுற ஜிசிக்கு அனுப்பி விடுவேன், டொலுவீன், சைலீன் பீக்கெல்லாம் வரிசையா வந்து நிக்குறத பாத்தா மூஞ்சி தெளிஞ்சிரும். ரன் முடிஞ்சு டியூப கவுத்துனா அலுமினா லேசா சாம்பக் கலருல வரும், ஜியோலைட் மேல் பாதி கருப்பு, கீழ போகப் போக வெளுப்பு. சுருட்டு எரியுற மாதிரி கரி மேல இருந்து கீழ எறங்குதுன்னு படிச்சது அப்படியே கண்ணு முன்னால. முதல்ல காத்த கொஞ்சமா நைட்ரஜன்ல கலந்து விட்டு மெதுவா 550க்கு ஏத்துனா கரி எரிஞ்சு கேட்டலிஸ்ட் திருப்பி வெள்ளையாயிரும், அந்த புரோகிராம் சாஃப்ட்வேர்ல ரெடியா இருக்கு, உருப்படியா வேல செய்யுது.

மெத்தனால் ஸ்டாக் வைக்க லைசென்ஸ் வேணும்ங்குறத மறந்துராதீங்க, மதுவிலக்கு ஆயத்தீர்வை ஆபீஸ்ல விண்ணப்பம் கொடுக்கணும், 2024 கள்ளக்குறிச்சி கள்ளச்சாராய சாவுக்கு அப்புறம் மெத்தனால்னாலே நாலு கேள்வி கூட வரத் தான் செய்யும். மிஷின் வந்து எறங்குறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சிருங்க.

மார்க் 5க்கு 3. மூணு சோன் ஃபர்னஸ், கன்டென்சர் லைனுக்கு ஹீட் டிரேசிங் (சூடு டேப்), இன்டர்லாக், இது மூணையும் பிஓவுலயே எழுதி வாங்குனா 4 தாராளமா கொடுக்கலாம். போன வாரம் ஒருத்தர் கேட்டாரு, புங்க எண்ணெய்ய ஓட்டி டீசல் மாதிரி எடுக்க முடியுமான்னு. டேராடூன் ஐஐபில (இந்திய பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையம்) காட்டாமணக்கு எண்ணெய்ல இருந்து எடுத்த எரிபொருள கலந்து 2018-ல டெல்லிக்கு பிளேனே பறக்க விட்டாங்க, அதனால வழி இருக்கு, ஆக்சிஜன கழட்டுற அடுக்கு மேல, கார்பன் சங்கிலிய கெளையாக்குற அடுக்கு கீழ. ஆனா அதுக்கு ஹைட்ரஜன் வேணும், நல்ல பிரஷரும் வேணும். அந்த ஐடியா இருந்தா இந்த மாடல் பக்கமே போகாதீங்க, ஹை பிரஷர் மாடலுக்கு தனியா கொட்டேஷன் கேளுங்க, லீக் டிடெக்டரோட.