ஸ்லிப் அனுப்பவா, கார்ட் போடவா, வாசலில் காசு கொடுக்கவா?

தீபாவளிக்கு ஒரு சாரி, விலை 14,500 ரூபா, பேஸ்புக் லைவில் பார்த்துப் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்பொக்ஸில் கேட்டால் உடனே ஒரு வங்கிக் கணக்கு இலக்கம் வரும், "காசு போட்டுட்டு ஸ்லிப்பை வட்ஸ்அப்ல அனுப்புங்கோ" என்ற வரியோடு. கொழும்பில் சின்னச் சின்ன ஒன்லைன் கடைகள் பலதும் இப்படித்தான் ஓடுகின்றன. இதைவிட இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன: டெபிட் கார்ட், கிரெடிட் கார்ட், பொருள் கைக்கு வந்த பிறகு காசு. நான்கிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். சாரி வராவிட்டால், அல்லது வேறு ஏதோ வந்தால், அந்த 14,500 அப்போது யார் கையில் இருக்கும்?

ஸ்லிப் வழியில் பதில் சுலபம், விற்றவர் கையில். செஃப்ட்ஸ் முறை 2015 இல் வந்த பிறகு ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் சில விநாடிகளில் காசு போய்விடுகிறது, அது நல்ல விஷயம்தான், ஆனால் போன காசை உங்கள் வங்கி நினைத்தவுடன் இழுத்துத் தர முடியாது. வங்கியைப் பொறுத்தவரை நீங்களே விரும்பி அனுப்பிய பணம் அது. அந்தப் பக்கம் உங்களை ப்ளொக் பண்ணிவிட்டால் பொலிஸ், முறைப்பாடு என்று அலைய வேண்டியதுதான். கணக்கு கடையின் பெயரில் இல்லாமல் யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தால் இன்னும் ஒரு படி யோசியுங்கள். தெரிந்த கடை, ஏற்கெனவே நேரில் போய் வாங்கிய இடம் என்றால் மட்டும் இது சரி.

வாசலில் காசு கொடுப்பதைப் பலர் முழுப் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. கொரியர் தம்பி கேற்றடியில் நின்று கோல் எடுப்பார், பார்சல் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டியிருக்கும், காசு கொடுக்காமல் பிரித்துப் பார்க்க விடமாட்டார், அவருக்கு அதற்கு அனுமதியும் இருக்காது. ஆக, பொருளே வராமல் போகும் ஆபத்து இல்லை, உள்ளே பட்டுக்குப் பதில் பொலியெஸ்டர் இருக்கும் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள், அனுப்பியவர் விபரம் உள்ள லேபலைக் கிழித்து எறியாதீர்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு சொல்லும்போது கையில் காட்ட அதுதான் இருக்கும்.

இனி கார்ட். டெபிட்டும் கிரெடிட்டும் பார்க்க ஒரே மாதிரி, அதே 16 இலக்கம், பின்னால் அதே மூன்று இலக்க சிவிவி. பிரச்சினை வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். டெபிட் கார்டில் போவது உங்கள் சம்பளக் கணக்கிலுள்ள காசு, வங்கி விசாரித்து முடிக்கும் வரை வீட்டு வாடகைக்கும் கையில் இருக்காது. கிரெடிட் கார்டில் அது வங்கியின் காசு, பில் வரும் முன்பே "இது தவறு" என்று சொல்ல உங்களுக்கு நேரம் கிடைக்கிறது. டெபிட் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஒன்லைனுக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்து, தேவையான தொகையை மட்டும் அதில் போட்டு வாங்குங்கள்.

கார்டின் பெரிய பலம் சார்ஜ்பேக். பொருள் வரவில்லை, சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால் உங்கள் வங்கியிடம் எழுத்தில் முறையிடலாம், வங்கி விசா அல்லது மாஸ்டர்கார்ட் விதிப்படி கடையின் வங்கியிடம் காசைத் திருப்பிக் கேட்கும். பொதுவாக இதற்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு, இருந்தாலும் இழுத்தடிக்காதீர்கள். ஓடர் விபரம், விற்றவரோடு பேசிய மெசேஜ், படம் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். ஓடிபி அடித்துத்தானே கட்டினேன், இனி கேட்க முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அது தவறு. பொருள் வராததற்கும் ஓடிபிக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் "நான் கட்டவே இல்லை, யாரோ களவாக எடுத்துவிட்டார்கள்" என்று சொல்லும் இடத்தில் ஓடிபி கொடுத்தது நீங்கள்தான் என்றால் வாதம் பலவீனமாகிவிடும். அதனால் அந்த எஸ்எம்எஸ்ஸை முழுதாக வாசியுங்கள். இலக்கத்தை மட்டும் பார்த்து அடித்துவிடுகிறோம், தொகையும் கடையின் பெயரும் அதிலேயே இருக்கும். 150 ரூபா என்று சொன்ன இடத்தில் டொலரில் நூற்றுக்கணக்கில் நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். அஞ்சல் திணைக்களத்தின் பெயரில் "உங்கள் பார்சல் தேங்கி நிற்கிறது, சிறு கட்டணம் கட்டுங்கள்" என்று வரும் போலி மெசேஜ்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன, திணைக்களமே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பவும் முடியாது, உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் வாசிக்க முடியாது என்பதுதான் அதன் அர்த்தம், அந்தத் தளம் நல்லவருடையதா என்பதை அது சொல்லாது. அப்புறம், வெளிநாட்டுத் தளங்கள் சில ஓடிபியே கேட்பதில்லை, கார்ட் இலக்கமும் திகதியும் சிவிவியும் போதும். அதனால் கார்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்பவருக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

டராஸ் மாதிரிப் பெரிய தளங்களில் வாங்குவதென்றால் கட்டணமும் பேச்சும் ஆப்புக்குள்ளேயே இருக்கட்டும். "வெளியில் எடுத்தால் குறைத்துத் தருகிறேன்" என்று விற்பவர் வட்ஸ்அப்புக்கு இழுத்தால், அந்தத் தள்ளுபடிக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது திருப்பி அனுப்பும் உரிமையை.

என் தெரிவு கிரெடிட் கார்ட்தான், பில்லில் உள்ள கடைசித் திகதிக்குள் முழுத் தொகையையும் கட்ட முடிந்தவர்களுக்கு. கட்ட முடியாதவர்களுக்கு வட்டியே சாரியின் விலையைத் தின்றுவிடும், அவர்களுக்குத் தனிக் கணக்கு டெபிட் மேல். சாரிக் கடையிடம் கார்ட் லிங்க் அனுப்ப முடியுமா என்று முதலில் கேளுங்கள், இப்போது சின்னக் கடைகளும் தருகின்றன. கார்டுக்கு மூன்று வீதம் கூட என்றால், அப்படி வாங்குவது அவர்கள் வங்கியோடு செய்த ஒப்பந்தத்துக்கு எதிரானது என்று தயங்காமல் சொல்லுங்கள். லிங்கும் இல்லை, வாசலில் காசும் வாங்கமாட்டோம், ஸ்லிப் மட்டும்தான் என்று தெரியாத கடை ஒன்று அடம்பிடித்தால் அந்தச் சாரியை விட்டுவிடுங்கள்.