கயிறு கைக்கு வராம காசு அனுப்பாதீங்க

மாடு வச்சிருக்கிற எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் கேரளாவுல பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைப் பக்கம், எட்டு வருசமா கறவை மாடு வச்சு சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு இருக்கேன். போன ஆடியில போன் மூலமா ரெண்டு மாடு வாங்கப் போய் 92,700 ரூபாயைப் பறிகொடுத்தேன். வீட்ல எல்லாரும் "வெளியே சொல்லாதே, அசிங்கம்"னுதான் சொன்னாங்க. ஆனா நான் ஸ்டேஷன்ல உக்காந்திருந்த அன்னைக்கே பக்கத்து பெஞ்சுல கோபாலபுரத்துக்காரர் ஒருத்தர், எருமை வாங்கப் போய் ஏமாந்து வந்து உக்காந்திருந்தார். அவர் போன்ல இருந்த வீடியோவுலயும் எனக்கு வந்த வீடியோவுல இருந்த அதே கொட்டகை, அதே நீலத் தார்ப்பாய். யாராச்சும் முன்னாடியே எழுதி வச்சிருந்தா எங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது தப்பிச்சிருப்போம். அதனால நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

எங்களுக்கு மாடுன்னா பொள்ளாச்சிச் சந்தைதான். செவ்வாய், வியாழன் விடியக்காலம் போனா, துண்டுக்கடியில விரலைப் பிடிச்சு விலை பேசி, பல்லைப் பார்த்து, மடியைத் தடவி, மனசு ஒப்பினாத்தான் மடியில இருக்கிற பணம் வெளியே வரும். எங்க மாமனார் இருந்தவரைக்கும் விக்கிறவங்க வீட்டுக்கே போய் சாயங்காலம் ஒரு வேளை, மறுநாள் காலையில ஒரு வேளை கறந்து பார்க்காம அட்வான்ஸ்கூடக் கொடுக்க மாட்டார். ஒரு வேளை கறக்காம விட்டு, மறு வேளை மடியைக் காட்டி விக்கிறவன் உண்டுன்னு அவருக்குத் தெரியும். மாட்டுக்குப் புதுக்கயிறு நாமதான் கொண்டு போகணும். பழைய கயித்தை அவிழ்த்து அவங்க வச்சுக்குவாங்க, புதுக்கயித்தை நாம பூட்டினப்புறம்தான் மீதிப் பணம்.

இவ்வளவும் தெரிஞ்ச வீட்டுலதான் இது நடந்தது.

ஓணம் வந்தா இங்க பாலுக்குக் கிராக்கி உங்களுக்கே தெரியும். அதுக்கு முன்னாடி கன்னு போட்ட மாடு ரெண்டு வேணும்னு தேடினோம். சந்தையில ரெண்டாம் ஈத்து, 15 லிட்டர் மாட்டுக்கு எங்ககிட்ட 80,000க்கு மேல சொன்னாங்க. அந்த ஞாயித்துக்கிழமை போன்ல ஒரு விளம்பரம். பெங்களூர் பக்கம் பண்ணை, எச்.எஃப். கலப்பு (கருப்பு வெள்ளைச் சீமை மாட்டுக் கலப்பு), மாடு ஒண்ணு 52,000, வீட்டு வாசல்ல கொண்டு வந்து இறக்கிக் கொடுப்போம்னு. நம்பருக்குக் கூப்பிட்டேன். எடுத்த பையன் நம்ம பேச்சு அப்படியே பேசினான். "அக்கா, எனக்கு வேலந்தாவளம்தானுங்க, பண்ணையில வேலைக்கு இருக்கேன்"னான். அந்த ஒரு வார்த்தையில பாதி நம்பிட்டேன். சொந்த பாஷையும் பக்கத்து ஊர் பேரும் ஒருத்தன் வாயில வந்துட்டா நமக்கு ஏனோ அதுவே ஜாமீன் மாதிரி தோணிடுது. ஊர் பேரை யார் வேணா சொல்லலாம். எந்த வீதி, யார் மகன்னு ஒரு கேள்வி நான் கேக்கலை.

வீடியோ அனுப்பினான். கருப்பு வெள்ளை மாடு, பக்கத்துல கன்னு, ஒருத்தர் உக்காந்து கறக்கிறார், வாளி நிறையுது. திங்கக்கிழமை புக்கிங் 5,000 அனுப்பினேன். அனுப்பும்போது போன்ல வந்த பேரு அவன் சொன்ன பேரும் இல்லை, பண்ணை பேரும் இல்லை. கேட்டதுக்கு "எங்க கணக்குப்பிள்ளை பேருக்கா"ன்னான். ரசீது கேட்டேன், பில் ஒண்ணு அனுப்பினான், ஜிஎஸ்டி நம்பர், சீல் எல்லாம் இருந்தது. புதன்கிழமை வளையல் ரெண்டை அடகு வச்சு 47,000 அனுப்பினேன். வியாழக்கிழமை ராத்திரி லாரியில மாடு ஏத்தின போட்டோவும் டாக்டர் சர்டிபிகேட்டும் வந்தது. வண்டி வாடகை 14,500. வெள்ளிக்கிழமை காலையில ரெண்டு மாட்டு விலைக்கும் சேர்த்து ஜிஎஸ்டி அஞ்சு சதவீதம்னு 5,200.

அன்னைக்கு மத்தியானம் நடந்ததைக் கொஞ்சம் விவரமா சொல்லணும். ஏன்னா இந்த இடத்துலதான் அவங்க நம்மளை எப்படிப் பிடிக்கிறாங்கன்னு தெரியும்.

மணி ரெண்டே முக்கால் இருக்கும். வேற ஒரு நம்பர்ல இருந்து மலையாளத்துல ஒருத்தர். தமிழ்நாடு-கேரளா எல்லையில இருக்கிற வாளையார் செக்போஸ்ட்ல இருந்து பேசுறேன், பெர்மிட் இல்லாம வண்டி வந்திருக்கு, மாட்டை இறக்கி ஏழு நாள் தனியா வைக்கணும், இல்லைன்னா 21,000 டெபாசிட் கட்டணும், மாடு வீடு சேர்ந்ததும் திருப்பிக் கிடைக்கும். "பைசா அடைச்சால் வண்டி விடாம்"னார், அதாவது பணம் கட்டினா வண்டியை விடலாம்னு. நான் யோசிக்கிறதுக்குள்ள வேலந்தாவளத்துப் பையன் கூப்பிட்டான், அழுகுற குரல்ல. "அக்கா, நேத்து சாயங்காலம் கறந்ததுக்கா. மடி கனத்துக் கல்லாட்டம் நிக்குது. காம்புல இருந்து தானா சொட்டுது. இங்க கறக்க ஆளில்லை, தண்ணிகூடக் காட்ட விட மாட்டேங்கிறாங்க, கன்னு கத்துது." பின்னாடி நிஜமாவே ஒரு கன்னுக்குட்டி கத்துற சத்தம் கேட்டது.

மாடு வச்சிருக்கிறவங்களுக்கு இது புரியும். கறக்காத மடியோட ஒரு மாடு வெயில்ல லாரியில நிக்குதுன்னு கேட்டா கை பதறும். மடி வீக்கம் வந்து காம்பு போயிடுமேன்னுதான் என் புத்தி ஓடிச்சு. பணம் போகுதேன்னு ஓடலை. எங்க வீட்ல இருந்து வாளையார் எட்டாத தூரம் இல்லை. வண்டி பிடிச்சு நேர்ல போய் நின்னிருந்தா அஞ்சு நிமிசத்துல வெளிச்சமாகி இருக்கும். "போய்ப் பார்த்துட்டு வந்து கட்டுறேன்"னு சொன்னதுக்கு அவன், "நீங்க வந்து சேர்றதுக்குள்ள மாட்டை இறக்கிடுவாங்கக்கா"ன்னான். மூணு மணிக்கு 21,000 அனுப்பினேன்.

அஞ்சரைக்கு இன்னொரு செய்தி. வண்டி விட்டாச்சு, டெபாசிட் திருப்பி அனுப்புறோம், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கன்னு. அந்த நேரம் காலேஜ் விட்டு என் பொண்ணு வந்தா. போனைக் கையில இருந்து பிடுங்கிட்டா. "அம்மா, பணம் வர்றதுக்கு எதுக்கும்மா பின் போடணும்?" அவ்வளவுதான் கேட்டா. எனக்குக் காலு நடுங்கிடுச்சு. பேலன்ஸ் பார்க்கிறதுக்குப் போடுறதை விட்டா, யுபிஐ பின் போடுறது பணம் நம்ம கணக்குல இருந்து போறதுக்குத்தான். வர்றதுக்குப் பின்னும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். இதை இதுக்கு முன்னாடி யாரும் எனக்குச் சொல்லலை. அதனால இங்க ரெண்டு தரம் சொல்றேன்: பணம் வாங்க பின் தேவையே இல்லை.

ஆறு மணி பத்து நிமிசத்துக்கு 1930க்குக் கூப்பிட்டோம், அதுதான் சைபர் பண மோசடிக்குப் புகார் சொல்ற நம்பர். ஒவ்வொரு பணத்துக்கும் தேதி, நேரம், தொகை, பணம் அனுப்பினதுக்கு அடையாளமா வர்ற அந்த 12 இலக்க யுடிஆர் நம்பர் கேட்டாங்க. பொண்ணு ஸ்கிரீன்ஷாட் பார்த்து ஒண்ணொண்ணா வாசிச்சா. மூணு மணிக்கு அனுப்பின 21,000ல 18,400 அதுக்குள்ள ரெண்டாவது கணக்குக்குப் போயிருந்தது, அங்கேயே நிறுத்தி வச்சுட்டாங்க. புதன்கிழமை அனுப்பின 47,000 மறுநாளே ஏடிஎம்ல எடுத்தாச்சாம். மூணு மணி நேரத்துல சொன்னதுக்கு எவ்வளவு கிடைச்சது, ரெண்டு நாள் கழிச்சு சொன்னதுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்ச நிமிசம் வீட்ல யார் திட்டுவாங்கன்னு யோசிக்காதீங்க, முதல்ல 1930ஐ அழுத்துங்க. அப்புறம் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்ல பதியலாம், ஸ்டேஷனுக்கும் போகலாம். நான் தமிழ்லதான் எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க. நிறுத்தி வச்ச பணம் தானா வந்துடாது, கோர்ட் உத்தரவு வேணும்னு எங்ககிட்ட சொன்னாங்க. மனு போட்டிருக்கோம், இன்னும் வரலை.

பேங்க்ல போய்க் கேட்டேன். நமக்குத் தெரியாம, நம்ம தப்பும் இல்லாம கணக்குல இருந்து பணம் போயிருந்தா மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா பொறுப்பு நம்ம மேல வராதுன்னு ரிசர்வ் வங்கி 2017ல விதி போட்டிருந்தது. ஆனா நானே பின் போட்டு அனுப்பின பணத்துக்கு அது பொருந்தாதுன்னுட்டாங்க.

மறுவாரம் அந்தப் போட்டோ, காகிதம் எல்லாத்தையும் எங்க மிருகாசுபத்திரி டாக்டர்கிட்டக் காட்டினேன். ஒரு நிமிசம் பார்த்துட்டு சர்டிபிகேட்ல இருந்த காதுத் தோடு நம்பரை எண்ணச் சொன்னார். 11 இலக்கம். நம்ம மாட்டுக் காதுல மஞ்சத் தோடு போடுறாங்களே, அதுல 12 இலக்கம் இருக்கும். அந்த நம்பரைக் கொடுத்தா எந்த மாடு, யார் பேர்ல பதிஞ்சதுன்னு அவங்க சிஸ்டத்துல பார்க்க முடியும். மாடு வாங்குறதுக்கு முன்னாடி அந்தத் தோட்டைக் கிட்டத்துல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, நம்ம ஊர் டாக்டர்கிட்டக் கேட்டா முடிஞ்சது.

அவர் சொன்னதுக்கப்புறம் வீட்ல உக்காந்து போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். முதல் வீடியோவுல இருந்த மாட்டுக்குக் கொம்பு சுட்டிருந்தது, மொட்டையா இருந்தது. நாலு நாள் கழிச்சு லாரியில ஏத்தினதா வந்த போட்டோவுல அதே மாட்டுக்கு ஒரு விரல் நீளத்துக்குக் கொம்பு இருக்கு. சந்தையில நூறு மாட்டுக்கு நடுவுல நின்னாலும் என் கண்ணுக்குத் தப்பாதது, உள்ளங்கையில இருந்த போட்டோவுல தப்பிடுச்சு. விலையையும் ஓணத்தையும் பார்த்துட்டே இருந்தேன், மாட்டைப் பார்க்கலை. பொண்ணு அந்த லாரி போட்டோவை கூகுள் லென்ஸ்ல போட்டா, அது வேற மாநிலத்துல யாரோ எப்பவோ போட்ட பழைய படம்.

பில்லுல இருந்த ஜிஎஸ்டி நம்பரையும் அவ பார்த்துட்டா. அதுல 15 எழுத்து இருக்கும், முதல் ரெண்டும் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32, ஆந்திராவுக்கு 37, கர்நாடகாவுக்கு 29. பெங்களூர் பண்ணைன்னு சொன்னவன் பில்லுல 33. ஜிஎஸ்டி வெப்சைட்டுல அந்த நம்பரைப் போட்டா, தமிழ்நாட்டுல ஒரு பெயிண்ட் கடை. பாவம், அந்தக் கடைக்காரருக்கு இது தெரியவே தெரியாது. காசு இல்லாம யாரும் பார்க்கலாம், கடைப் பேரு, விலாசம், பதிஞ்ச தேதி எல்லாம் வரும். மாடு மட்டும் இல்லை, கறவை மிஷின், தீவனம் நறுக்குற சாஃப் கட்டர், பழைய டிராக்டர், எது வாங்கினாலும் பில்லுல நம்பர் இருந்தா முதல்ல இதைப் பாருங்க. அதைவிடப் பெருசு ஒண்ணு: உயிரோட இருக்கிற மாட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. நான் கட்டின 5,200 இல்லாத வரிக்குக் கட்டினது.

செக்போஸ்ட் விஷயமும் கேட்டேன். வெளி மாநிலத்துல இருந்து மாடு கொண்டு வர ஆரோக்கிய சர்டிபிகேட் வேணும்கிறது நிஜம். ஆனா கட்ட வேண்டியது எதுவா இருந்தாலும் அங்கேயே ரசீது போட்டுத்தான் வாங்குவாங்க. யாரோ ஒருத்தர் பேர்ல இருக்கிற ஜிபேக்கு அரசாங்கப் பணம் போகாது. லாரி வாடகையும் அப்படித்தான், மாட்டை வாசல்ல இறக்கினப்புறம் டிரைவர் கையில கொடுக்கிறதுதானே நம்ம வழக்கம்.

இப்ப யாராச்சும் போன்ல மாடு இருக்குன்னா நான் ரெண்டே கேக்குறேன். வீடியோ கால் போடு, நான் சொல்ற காம்பை இப்பவே பீச்சிக் காட்டு. அப்புறம், நாளைக்கு நான் நேர்ல வர்றேன், இடம் சொல்லு. போன மாசம் ஒருத்தன் முதல் கேள்விக்கே சிக்னல் இல்லைன்னு வச்சுட்டான். இன்னொருத்தர் தாராபுரம் பக்கம், ரெண்டுக்கும் சரின்னார், போனோம், ஒரு ராத்திரி தங்கி ரெண்டு வேளையும் கறந்து பார்த்தோம், ஒரு மாடு வாங்கிட்டு வந்தோம். 74,000. பாக்கிப் பணத்தைக் கயிறு மாத்தின இடத்துல வச்சுக் கொடுத்தேன்.

இன்னொண்ணு, இதை மறந்துடாதீங்க. புகார் கொடுத்து பத்து நாள்ல ஒரு போன் வந்தது, "உங்க பணத்தை மீட்டுட்டோம், பிராசஸிங் சார்ஜ் 3,000 கட்டுங்க"ன்னு. என் பேரு, போன தொகை எல்லாம் சரியாச் சொன்னான். பணத்தைத் திருப்பித் தர எந்தப் போலீசும் கோர்ட்டும் இப்படி ஜிபேல காசு கேக்காது. பறிகொடுத்த ஆளுங்க எப்படியாவது திரும்பக் கிடைச்சாப் போதும்னு தவிச்சிட்டு இருப்பாங்கன்னு தெரிஞ்சே கூப்பிடுறாங்க. உங்க வீட்ல யாராச்சும் ஏமாந்திருந்தா இதை அவங்க காதுல போட்டு வைங்க.

அந்த வீடியோ இன்னும் சுத்திட்டு இருக்கு, அதனால அடையாளம் சொல்றேன். ஓட்டுக் கொட்டகை, மேல நீலத் தார்ப்பாய், இடது பக்கம் சிமெண்ட் தொட்டியில பச்சைப் பெயிண்ட் உரிஞ்சிருக்கும். கறக்கிறவர் கட்டம் போட்ட லுங்கி, முகம் தெரியாது. மாட்டோட நெத்தியில கைவிரல் அளவுக்கு வெள்ளைக் கோடு, கொம்பு இல்லை. பக்கத்துல சேவல் கூவுற சத்தம் ரெண்டு தரம் கேட்கும். எந்தப் பேர்ல வந்தாலும், எந்த ஊர்க்காரன்னு சொன்னாலும், இந்த வீடியோவைப் பார்த்தா பணம் அனுப்பாதீங்க. வந்த நம்பரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க ஸ்டேஷன்ல கொடுங்க.