தண்டலா, குழுக்கடனா, பைத்துல்மாலா?

கடலூர் முதுநகரில் இடியாப்பம் விற்கும் ஒரு அக்காவின் சுருக்குப் பையில் எப்போதும் ஒரு மஞ்சள் அட்டை இருக்கும். தண்டல் அட்டை. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 தானே என்று தோன்றும். மறுநாளே அசல் திரும்பத் தொடங்கிவிடுவதால், ஆண்டுக் கணக்கில் அது நூறு சதவீதத்தைத் தாண்டிய வட்டி. காலையில் கேட்டால் மாலையில் பணம் வரும். மக்கள் அதற்காகத்தான் போகிறார்கள்.

பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் குழுக்கடன் இதைவிட எவ்வளவோ மலிவு. ஆனால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்தபோது அடுப்பு மூட்ட வழியில்லை, தவணை நாள் மட்டும் வந்து நின்றது.

என் பார்வையில் வட்டி எவ்வளவு என்பதைவிட, கட்ட முடியாத நாளில் என்ன நடக்கும் என்பதே முதல் கேள்வி. முஸ்லிம் ஜமாஅத்தின் பொது நிதியான பைத்துல்மால் மாறுபடுவது இங்கேதான். நான் எங்கள் மஹல்லா (பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்பு) பைத்துல்மாலில் கணக்கு எழுதுகிறவன். நாங்கள் கொடுக்கும் கடனுக்குக் கர்ளன் ஹஸனா என்று பெயர். கொடுத்த தொகையே திரும்ப வரும், கூடுதல் கிடையாது. கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன் (2:280). அந்த அக்கா அரைப் பவுன் தோட்டை ஈடு வைத்து 12,000 வாங்கினார். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே "அவகாசம்" என்று எழுதினேன். அபராதம் இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். ஜகாத்தை (வசதியுள்ள முஸ்லிம்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் கட்டாயத் தர்மம்) கடனாகக் கொடுப்பதைப் பெரும்பாலான உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) ஏற்பதில்லை. அதனால் எங்கள் மூலதனம் நன்கொடையும் திரும்பி வரும் தவணையும்தான். வசதி இருந்தும் இழுத்தடிப்பவரால், வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குப் பணம் இல்லாமல் போகிறது. தொகையும் சிறிது, விசாரணைக்கு ஒரு வாரம் ஆகும்.

தையல் மெஷின் போன்ற பொருளுக்கு முராபஹா (லாபம் சேர்த்த தவணை விற்பனை) ஏற்றது. வட்டியில்லா நிதியமே 18,000க்கு வாங்கி 20,000க்கு உங்களுக்கு விற்கும், மாதம் 2,000 வீதம் பத்துத் தவணை. இதுவும் வட்டிதானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. பொருளை முதலில் அவர்கள் வாங்கிக் கைவசப்படுத்த வேண்டும். ஒப்படைக்கும் முன் பழுதானால் நஷ்டம் அவர்களுக்கு. தாமதமானாலும் விலை ஏறாது.

தெருவோர வியாபாரிகளுக்காக 2020இல் வந்த மத்திய அரசின் கடன் திட்டமான பி.எம். ஸ்வநிதியில் ஒழுங்காகக் கட்டினால் 7% வட்டி மானியம் உண்டு. தள்ளுவண்டிக்காரருக்கு நல்ல திட்டம், ஆனால் வட்டியே வேண்டாம் என்பவருக்குப் பயன்படாது.

நம் நாட்டு வங்கிச் சட்டத்தில் வட்டியில்லா வங்கிக்கு இடமில்லாததால், பைத்துல்மால் போன்ற வட்டியில்லா நிதியங்கள் அறக்கட்டளையாகவோ கூட்டுறவுச் சங்கமாகவோ நடக்கின்றன. பதிவு எண்ணும் ஆண்டுத் தணிக்கை அறிக்கையும் கேளுங்கள். சேவைக் கட்டணம் வாங்கினால், 5,000க்கும் 15,000க்கும் ஒரே கட்டணம்தானா என்று பாருங்கள். தொகைக்கு ஏற்ப ஏறினால் அது வேறு பெயரில் வரும் வட்டி. ஈடு வைக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.