‘ஒரிஜினல் ஆன்டிக்’ அலமாரி: காசைக் கொடுக்குமுன் டிராயரை உருவிப் பாருங்கள்

150 வருஷப் பழசு, முழுக்கக் கைவேலை என்று சொல்லி விற்கப்பட்ட நான்கு டிராயர் அலமாரி அது. விலையோ, அதே அளவில் நல்ல மரத்தில் புதிதாகச் செய்த நகலைவிடப் பல மடங்கு. பிரித்துப் பார்த்தால் கால்கள் ஒரு அலமாரியினுடையவை, மேல்பலகை இன்னொன்றினுடையது, முதுகில் சாயம் பூசிய பிளைவுட்.

முதலில் காட்டிக்கொடுத்தவை பூச்சித் துளைகள். மரப்பூச்சி உள்ளுக்குள்தான் குடையும். வெளியே தெரிவது அது வெளியேறிய 1 முதல் 2 மில்லிமீட்டர் துளை மட்டும். இந்த மேல்பலகையின் அடிப்பக்கத்திலோ குடைந்த பாதைகள் நீளவாக்கில் திறந்து கிடந்தன. பூச்சி அரித்து முடித்த பலகையைப் பின்னால் யாரோ அறுத்திருந்தால்தான் அப்படித் தெரியும். மரம் பழசு, வேலை புதுசு. டிரில் போட்ட போலித் துளையும் உண்டு. மெல்லிய கம்பியை விட்டால் வளையாமல் நேராக இறங்கும்.

அடுத்தது கைப்பிடி. பிளஸ் தலை ஸ்க்ரூ 1930களில்தான் பரவியது என்றாலும், அதை வைத்து மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். கைப்பிடியை யாரும் மாற்றலாம். டிராயர் முகப்பின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே பழைய ஓட்டைகள் இருந்து, வெளிப்புறத்தில் அவற்றை அடைத்த தடயமே இல்லையென்றால் முகப்பில் புது வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டியிருக்கிறார்கள். இங்கே அதுதான் நடந்திருந்தது.

மூலை இணைப்பு நான்கு டிராயரிலும் ஒரே கையாக இருக்க வேண்டும். இதில் இரண்டில் ஒன்றோடொன்று கோர்க்கும் பற்கள் ஏறுக்குமாறாக, கையால் வெட்டியவை. மற்ற இரண்டில் அச்சு மாதிரி மெஷின் வெட்டு. வட்ட மேஜையாக இருந்தால் டேப் போதும். மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. எனவே முழு மரப் பலகைகளை ஒட்டிச் செய்த பழைய வட்டம் சில மில்லிமீட்டராவது முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். ரேகை வாக்கிலும் குறுக்கிலும் துல்லியமாக ஒரே அளவு வந்தால் சந்தேகப்படுங்கள்.

பழசு உண்மையிலேயே உசத்தியா? மரத்தின் தரத்தில் பல சமயம் ஆம். வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுத்த பசை) போட்ட இணைப்பைச் சூடும் ஈரமும் காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டலாம், அதுவும் பெரிய வசதி. ஆனால் அதே வஜ்ஜிரம் காய்ந்து விட்டுப்போகும். ஏசி அறையில் பலகை வெடிக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தினமும் இழுத்து மூடும் டிராயருக்கு, 8 முதல் 12 சதவீத ஈரப்பதத்துக்கு உலர்த்திய மரத்தில் செய்த நகலே மேல். இப்படிக் கதம்பமாகச் சேர்த்ததை இரண்டோடும் ஒப்பிட வேண்டியதே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கடைக்காரர் பில்லைக் காட்டினார். வாய் ‘ஒரிஜினல்’ என்றது, பில்லில் இருந்ததோ ‘பழங்காலப் பாணி’. செய்த காலம், மாற்றிய பாகங்கள், பொய்யானால் முழுப் பணமும் திரும்ப என மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் நகலுக்கு உண்டான விலைக்கு மேல் பேசாதீர்கள்.