ஹைப்போ செல்லில் படியும் வெள்ளைக் கசடு: ஆசிட் வாஷா, துருவம் மாற்றுவதா, சாஃப்ட்னரா?

குடிநீர்த் தொட்டிக்குக் குளோரின் போட சிலிண்டர் வாங்காமல், உப்பு, தண்ணீர், கரண்ட் மூன்றையும் வைத்து அங்கேயே ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கரைசல்) தயாரித்துக்கொள்ளும் இயந்திரங்கள் இப்போது நிறைய இடங்களில் வந்துவிட்டன. வாங்கும்போது எல்லோரும் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ குளோரின் தரும், விலை என்ன என்பதைத்தான். உப்புக்கரைசலில் கரண்ட் பாய்ந்து ஹைப்போ உருவாகும் தட்டுகள் அடங்கிய பாகமான செல்லை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் அந்த இயந்திரத்தில் விலை அதிகமான பாகங்களில் ஒன்று செல்தான், கவனிக்காமல் விட்டால் முதலில் கெடுவதும் அதுதான்.

கசடு ஏன் வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சுமார் 3 சதவீத உப்புக்கரைசல் தட்டுகளுக்கு இடையில் ஓடும்போது ஆனோடு (பிளஸ் தட்டு) பக்கம் குளோரின் உருவாகிறது, கேத்தோடு (மைனஸ் தட்டு) பக்கம் ஹைட்ரஜனும் காரமும் உருவாகின்றன. கேத்தோடை ஒட்டிய மெல்லிய படலத்தில் காரத்தன்மை மிக அதிகம். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அங்கே போனதும் கால்சியம் கார்பனேட்டாகவும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகவும் வெள்ளையாக ஒட்டிக்கொள்கின்றன. தட்டுகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். அது அடைய அடைய ஓட்டம் குறையும், செல் சூடாகும், அதே குளோரினுக்கு அதிக யூனிட் செலவாகும். நல்ல நிலையில் இருக்கும் செல் ஒரு கிலோ குளோரினுக்கு 3 முதல் 3.5 கிலோ உப்பும் சுமார் 5 யூனிட் மின்சாரமும் எடுக்கும். கரண்ட் கணக்கு இதைவிடக் கூடிக்கொண்டே போனால் செல்லைத் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

முதல் வழி ஆசிட் வாஷ். கடையில் கிடைக்கும் 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்து, ஒரு சின்ன பம்ப் வைத்துச் செல் வழியாகச் சுற்றவிடுவார்கள். ஆசிட் தொட்டதும் கசடு பொங்கி நுரைக்கும், சின்னச் சின்னச் செதில்களாகக் கழன்று வரும். நுரை அடங்கிவிட்டால் கார்பனேட் கரைந்துவிட்டது, உடனே வடித்து அலசிவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் ஊறட்டும்' என்று இரவு முழுக்க விடுவது தட்டுக்கே கேடு, ஏனென்றால் தட்டு செய்யப்பட்ட டைட்டானியம் கடல்நீரைத் தாங்குமே தவிர ஹைட்ரோகுளோரிக் ஆசிடை நீண்ட நேரம் தாங்காது. மற்றபடி வேகத்திலும் விலையிலும் இதற்கு ஈடு இல்லை.

இதில் எனக்கு உண்மையான பயம் தருவது வேறு விஷயம். செல்லிலோ குழாயிலோ ஹைப்போ மிச்சம் இருக்கும்போது ஆசிட் விட்டால் அந்த நொடியே குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமான வாயு, தரையோடு தேங்கும், குனிந்து வால்வு திருப்பிக்கொண்டிருக்கும் ஆளின் முகத்துக்கு நேராக வரும். அதனால் செல்லுக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபையரை அணைத்து, செல்லை வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, அதன் பிறகுதான் ஆசிட். தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றவே கூடாது. கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். இதை ஒழுங்காகச் செய்யப் பழகிய ஆபரேட்டர் இல்லாத இடத்தில் ஆசிட் வாஷை நம்பி இயந்திரம் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹைட்ரோகுளோரிக்குக்குப் பதிலாக சல்ஃபாமிக் ஆசிட் போடுபவர்களும் உண்டு. பொடியாக வரும், புகையாது, எடுத்துப்போவது எளிது, கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். சின்ன இயந்திரத்துக்கு எனக்கு இதுதான் பிடித்தது, ஆனால் ஹைப்போவோடு சேராமல் பார்த்துக்கொள்ளும் விதி இதற்கும் அப்படியே பொருந்தும். சிட்ரிக் ஆசிட் மென்மையானது என்றாலும் கால்சியம் சிட்ரேட் சரியாகக் கரையாது, கசடு தடிமனாக இருந்தால் உதவாது. சல்ஃப்யூரிக் வேண்டவே வேண்டாம், ஜிப்சமாக இறுகி நிலைமை இன்னும் மோசமாகும். கம்பி பிரஷ், ஸ்க்ரூடிரைவர் இரண்டையும் செல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஆனோடின் மேல் இருக்கும் ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடு பூச்சு சில மைக்ரான் தடிமன்தான், ஒரு கீறல் போதும்.

அப்புறம் துருவம் மாற்றுவது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பிளஸ் மைனஸ் இரண்டையும் இடம் மாற்றிவிட்டால், கசடு படிந்த தட்டு ஆனோடாகி அதன் பரப்பில் அமிலத்தன்மை வரும், கசடு தானாகக் கழன்றுவிடும். நீச்சல் குளத்துக்கு வரும் உப்புக் குளோரினேட்டர்களில் பெரும்பாலும் இதுதான். ஆளே தேவையில்லை என்பது பெரிய வசதி. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் பூச்சைக் கொஞ்சம் தின்கிறது. ஆக்சிஜனேற்றச் சூழலுக்கென்று செய்த பூச்சு கேத்தோடு வேலையும் பார்க்க நேரும்போது மெல்ல மெல்ல உதிர்கிறது. குளத்துச் செல்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 10,000 மணி நேர அளவில்தான் நிற்கிறது. ஒரு நாளில் சில மணி நேரம் ஓடும் குளத்துக்கு அது பல வருஷம். இரவு பகலாக ஓடும் குடிநீர் நிலையத்துக்கு ஒரு வருஷத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இன்னொன்று, இரண்டு தட்டிலும் பூச்சு இருந்தால் மட்டுமே இது நடக்கும். கேத்தோடு வெறும் டைட்டானியமாக உள்ள செல்லில் யாராவது புத்திசாலித்தனமாக வயரை மாற்றிப் போட்டால், அதன் மேல் ஆக்சைடு படலம் வந்து மின்சாரம் போகாமல் வோல்டேஜ் எகிறும்.

மூன்றாவது வழி, கசடே வராமல் பார்த்துக்கொள்வது, அதாவது சாஃப்ட்னர். உள்ளே வரும் தண்ணீரை ரெசின் என்ற சிறு மணிகள் வழியாக அனுப்பிக் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்து, பதிலுக்குச் சோடியத்தை விடுவது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்குக் கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டது) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், மாற்று வழி இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது. குடிக்க அது சரி, ஆனால் செல்லுக்கு அது விஷம். இயந்திரம் செய்பவர்கள் பலர் கேட்பது 17ஐ ஒட்டிய அளவு. ரெசினை மறுபடி தயார்ப்படுத்தத் தேவையான உப்பு எப்படியும் கைவசம் இருக்கும் என்பதால் ஓட்டும் செலவும் குறைவு. எனக்கு மூன்றில் இதுதான் முதல் இடம்.

ஆனால் பலர் கோட்டை விடும் இடமும் இங்கேதான். சாஃப்ட்னர் தண்ணீரை மட்டும்தான் சுத்தம் செய்கிறது, உப்பு அதற்குப் பிறகுதான் கலக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு 30 கிராம் உப்பு. அந்த உப்பில் கால்சியம் வெறும் 0.1 சதவீதம் என்றால்கூட 30 மில்லிகிராம் கால்சியம், கடினத்தன்மைக் கணக்கில் 75. மெக்னீசியம் அதே 0.1 சதவீதம் இருந்தால் இன்னும் 120க்கு மேல். தூத்துக்குடியானாலும் வேதாரண்யமானாலும் உப்பளத்திலிருந்து கழுவாமல் வரும் கல்லுப்பில் இரண்டும் இருக்கும். ரெசினில் 17க்கு இறக்கிய தண்ணீர் உப்புத் தொட்டியைத் தாண்டியதும் 200ஐத் தொட்டுவிடும். கரைத்த பிறகு சாதாரண ரெசினில் விட்டும் பிடிக்க முடியாது, அவ்வளவு சோடியம் இருக்கும்போது ரெசின் கால்சியத்தை விட்டுவிடும். மூட்டைக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்க மட்ட உப்பு வாங்கிவிட்டு சாஃப்ட்னரைக் குறை சொல்வதை நினைத்தால் ஆதங்கமாக இருக்கிறது. சுத்திகரித்த, அயோடின் சேர்க்காத உப்பு, கூடவே கால்சியம், மெக்னீசியம் அளவு போட்ட ஆய்வறிக்கை, இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

சாஃப்ட்னர் சத்தமில்லாமல் கெடும் என்பதும் உண்மை. ரெசின் தீர்ந்துபோனாலும் தண்ணீர் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். தினமும் ஒரு சாம்பிள் எடுத்து, பஃபரும் (காரத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியும் போட்டுப் பார்த்தால் போதும். நீலமாக நின்றால் சரி, ஒயின் சிவப்பு வந்தால் ரெசினுக்கு உப்புக் கொடுக்க வேண்டும்.

கடல்நீரை நேரடியாகச் செல்லில் விடும் கடலோர அனல்மின் நிலையங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் உதவாது. கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் 400, மெக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, எந்த ரெசினும் கட்டுப்படியாகாது. அங்கே ஓட்ட வேகத்தை அதிகமாக வைத்துப் படிவதைத் தள்ளிப்போடுவார்கள், குறித்த இடைவெளியில் ஆசிட் வாஷ் செய்வார்கள். மாற்று செல் வரிசை ஒன்று தயாராக இருந்தால் வேலை நிற்காது.

ஊராட்சி, அடுக்குமாடி, மருத்துவமனை அளவு இயந்திரத்துக்கு நான் சொல்வது, சாஃப்ட்னரும் நல்ல உப்பும் அடிப்படை, சல்ஃபாமிக் வாஷ் தேவைப்படும்போது மட்டும். காலண்டர் பார்த்து வாஷ் செய்ய வேண்டாம். ஆம்பியர் மாறாமல் ஓடும் இயந்திரத்தில் வோல்டேஜையும், வோல்டேஜ் மாறாத இயந்திரத்தில் ஆம்பியரையும் தினமும் குறித்து வாருங்கள், முன்னது ஏறும்போதோ பின்னது இறங்கும்போதோ செய்தால் போதும். வாஷ் செய்தும் வோல்டேஜ் பழைய இடத்துக்கு வரவில்லை, ஆனோடில் கறுப்பாக ஏதோ படிந்திருக்கிறது என்றால் அது மாங்கனீஸாக இருக்கலாம். நீர்த்த ஆசிடுக்கு அது மசியாது, போர் தண்ணீரை மாங்கனீஸுக்குச் சோதித்துவிட்டு, செல் செய்தவரிடமே கழுவும் முறையைக் கேளுங்கள்.