சவப்பெட்டியா, குகையா?

அடைபட்டுக் கிடப்பதை வைத்தே பயமுறுத்தும் படங்களில் 'பெரீட்' (2010), 'தி டிசென்ட்' (2005) இரண்டும்தான் கடைசியில் என் கையில் நின்றன. சொந்தக்காரப் பையன்கள் கூடிய ராத்திரிக்கு இரண்டாவதைப் போட்டேன்.

'பெரீட்' ஒரே ஆள், ஒரே பெட்டி. ஈராக்கில் லாரி ஓட்டப் போன அமெரிக்கன் கண் விழிக்கும்போது மண்ணுக்கடியில் கிடக்கிறான். லைட்டரும் செல்போனும்தான் துணை. ஒன்றரை மணி நேரமும் கேமரா பெட்டியை விட்டு நகர்வதில்லை. ரயன் ரெனால்ட்ஸ் தனியாளாகப் படத்தைத் தாங்குகிறார். ஆனால் முக்கால்வாசி போன் பேச்சு. முன்பு இதைப் போட்டபோது மாமன் மகன் கேட்டது: "ஏனுங் மாப்ளே, பேய்ப்படம்னீங்க, இவன் போன்லயே பேசீட்டு இருக்கறானுங்?"

எனக்கு முடிவு சொன்னது வெளிச்சம். எங்கள் பக்கம் பாழுங்கிணற்றில் ஆள் இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் கீழே மூச்சுவிடக் காற்றில்லை என்று யாரும் இறங்கமாட்டார்கள். அந்தப் பயம் 'தி டிசென்ட்' முழுக்க இருக்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்குகையில் ஆறு பெண்கள். தலைக்கவச விளக்கு, சிவப்புத் தீப்பந்தம், பச்சை ஒளிக்குச்சி, வீடியோ கேமராவின் இரவுப் பார்வை: அவர்கள் கையில் எது எரிகிறதோ அது காட்டுவதுதான் நமக்கும் தெரியும். 'பெரீட்'டிலும் லைட்டர் சுடர் இருக்கிற காற்றைத் தின்கிறதுதான். ஆனால் அங்கே வெளிச்சத்துக்கு அப்பால் பலகை. இங்கே என்ன என்று தெரியாது.

ஒரு காட்சி போதும். தவழ்ந்து போகும் இடுக்கில் சாரா மாட்டிக்கொள்கிறாள். மூச்சு இரைக்கிறது, தோழி திரும்பி வந்து பேச்சுக் கொடுத்து அடக்குகிறாள், மேலே பாறை முனகுகிறது. குகைக்குள் வேட்டையாடும் பிராணிகள் இன்னும் வரவே இல்லை! பைன்வுட் ஸ்டுடியோவில் போட்ட செட் என்று தெரிந்தும் எனக்கு மூச்சு முட்டியது. பிற்பாதியின் ரத்தக்களரி அந்த அளவுக்கு இல்லை.

இரண்டையும் தியேட்டரில் பார்த்ததில்லை, அதனால் பெரிய திரை அனுபவம் பற்றிப் பேசமாட்டேன். தனியாக ஹெட்போனோடு பார்ப்பவருக்கு 'பெரீட்' சரி. குகைப் படத்தை விசைத்தறி ஓடும் சோமனூர் மாதிரி ஊரில் பார்த்தால் தறி நின்ற நேரமாகப் பாருங்கள். பிராணிகள் எழுப்பும் சன்னமான 'டக் டக்' தறிச்சத்தத்தில் அமுங்கிவிடும். அப்புறம், அமெரிக்காவில் வெளியான பிரதியில் முடிவை வெட்டியிருக்கிறார்கள். பிரிட்டன் பிரதியைத் தேடிப் போடுங்கள்.