வேலூர் என்று எழுத வராத மென்பொருள்: ஃப்ளாஷ் 8-ஓடு 2006-லிருந்து

பவர் பட்டனை அமுக்கினால் விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. அதனால் என் பழைய பெண்டியம் 4 கணினியைப் போன மாதம் வேலூர் ஆபீசர்ஸ் லைனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். மதர்போர்டில் வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்களில் ஆறு தலை உப்பியிருந்தன. இரண்டில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. "அண்ணா, இதுக்குச் செலவு பண்றதுக்கு வேற ஒண்ணு வாங்கிடலாமே" என்றார். ஹார்ட் டிஸ்கை மட்டும் தொடாதீர்கள் தம்பி, மற்றதை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றேன். ஆறு கெப்பாசிட்டர், மதர்போர்டுக்கு ஒரு சின்ன சிமாஸ் பேட்டரி, 850 ரூபாய். வீட்டுக்கு வந்து போட்டதும் விண்டோஸ் எக்ஸ்பி எழுந்து வந்தது. அசையும் படம் செய்கிற ஃப்ளாஷ் 8 மென்பொருளின் ஐகான் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் காபி குடிக்கவே தோன்றியது.

அதே வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். அணைக்கட்டுப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். "சார், நீங்க பண்ண கோட்டை சிடி இன்னும் ஓடுதா? அந்த ஃப்ளாஷ நானும் கத்துக்கிட்டா எங்க பிள்ளைங்களுக்கு அதுமாதிரி செய்யலாம் இல்ல?" என்று கேட்டாள். பத்து நிமிடம் பேசியும் என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஃப்ளாஷ் என்பது படம் வரைந்து அசைய வைத்து, தொட்டால் பதில் சொல்கிற பாடம், விளையாட்டு எல்லாம் செய்ய உதவிய மென்பொருள். ஃப்ளாஷ் 8 வெளிவந்தது 2005-ல், மேக்ரோமீடியா பெயரில் வந்த கடைசிப் பதிப்பு. அந்த வருடக் கடைசியிலேயே அடோபி மேக்ரோமீடியாவை வாங்கிவிட்டது. காட்பாடியில் நான் வேலை பார்த்த கணினிப் பயிற்சி மையத்துக்கு 2006-ல் அது வந்தது. பிறகு மையத்தை மூடும்போது கணினியோடு சேர்த்து நான் வாங்கிக்கொண்டேன்.

2006 வேலூர்ப் புரட்சியின் 200-ஆம் ஆண்டு. பள்ளிப் பிள்ளைகள் மவுஸால் தொட்டுத் தொட்டு 1806 ஜூலை 10 அன்று விடியற்காலையில் கோட்டைக்குள் என்ன நடந்தது என்று பார்க்கிற மாதிரி ஒரு பாடம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். அகழியைத் தொட்டால் தண்ணீர் அசையும். திப்புவின் பிள்ளைகள் வைக்கப்பட்டிருந்த மஹாலைத் தொட்டால் விளக்கு எரியும். புதுத் தலைப்பாகையைத் தொட்டால் அந்தத் தலைப்பாகை ஏன் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது என்று ஒரு கட்டம் திறக்கும். இவற்றில் எல்லாம் எனக்குப் பிடித்தது குதிரை. செய்தி கிடைத்ததும் ஆற்காட்டிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் குதிரைப் படையோடு விரைந்து வந்தவர் ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி. வரைபடத்தில் ஆற்காட்டைத் தொட்டால் அந்தக் குதிரை வேலூரை நோக்கி ஓட வேண்டும்.

அந்தக் குதிரையை வரைந்த நாலு நாளை நான் மறக்க மாட்டேன். எட்டுப் படம். முந்தின படம் மங்கலாக அடியில் தெரியும், அதன் மேலே அடுத்த காலை வரைவேன். இதற்கு ஆனியன் ஸ்கின் என்று பெயர். எஃப்6 அழுத்தினால் புதுக் கீஃப்ரேம், அதாவது அடுத்த படம் வரைய ஒரு புதுக் கட்டம். வரைந்து முடித்து கன்ட்ரோலும் என்டரும் சேர்த்துத் தட்டினால் அடுத்த நொடியே குதிரை ஓடும். பின்னங்கால் தரையில் வழுக்குவது தெரியும். நிறுத்தி, குளம்பை நூலளவு தள்ளி, மறுபடி தட்டுவேன். நினைப்புக்கும் பார்ப்பதற்கும் நடுவில் காத்திருப்பே கிடையாது. நொடிக்கு 12 ஃப்ரேம்தான், அது குதிரைக்குப் போதும். அதன் பிறகு எத்தனையோ மென்பொருள் பார்த்துவிட்டேன். இவ்வளவு சின்ன இயந்திரத்தில் கைக்கு இவ்வளவு பக்கத்தில் வேலை செய்தது வேறு எதுவும் இல்லை.

நிரல் எழுதுவதும் அப்படித்தான். பொத்தானைத் தேர்ந்தெடுத்து அதன் மேலேயே, 'விட்டதும் அந்த ஃப்ரேமுக்குப் போ' என்று ஃப்ளாஷின் நிரல் மொழியான ஆக்ஷன்ஸ்கிரிப்டில் மூன்று வரி. எட்டாம் வகுப்புப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் செய்துவிடுவான். 2007-ல் வந்த அடுத்த பதிப்பான சிஎஸ்3-யோடு ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 3 வந்தது. வேகம் கூடியது, ஒழுங்கும் கூடியது, ஆனால் அதில் பொத்தானின் மேல் நிரல் வைக்க முடியாது. பெரிய மென்பொருள் செய்கிறவர்களுக்கு அது நல்ல மாற்றம். என் மாணவர்களுக்கு ஏற்கெனவே திறந்திருந்த கதவு அதில் மூடிவிட்டது. அதனால் நான் 8-லேயே நின்றுவிட்டேன்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன்.

முதல் நாள் முதல் வேலையாகத் தலைப்பு அடித்தேன். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறையில், லதா எழுத்துருவில், 'வேலூர்க் கோட்டை'. திரையில் வந்ததைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'வ' முதலில் நிற்கிறது, அதற்குப் பின்னால் இரட்டைக் கொம்பு தனியாக நிற்கிறது. லகரத்தோடு சேர்ந்து 'லூ' ஆக வேண்டிய ஊகாரக் குறி கழன்று பக்கத்தில் கிடக்கிறது. கணினியில் தமிழைச் சேமிக்கும்போது மெய்யெழுத்து முன்னால், உயிர்க்குறி பின்னால் என்றுதான் இருக்கும். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவதும், லகரத்தையும் ஊகாரத்தையும் ஒரே வடிவமாக்குவதும் எழுத்தைத் திரையில் வரைகிற இயந்திரத்தின் வேலை. ஃப்ளாஷ் 8-ல் இருந்த இயந்திரத்துக்கு அது தெரியாது. வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக நிற்க வைத்துவிடும். இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரிந்த புது எழுத்து இயந்திரம், ஃப்ளாஷ் கோப்புகளை ஓட்டிக்காட்டும் ஃப்ளாஷ் பிளேயரின் 10-ஆம் பதிப்பில், 2008-லேதான் வந்தது. அதுவும் ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 3-க்கு மட்டும்.

அன்றைய வேலூர் மாவட்டத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, சோளிங்கர், நெமிலி, அரக்கோணம், ஜோலார்பேட்டை, அணைக்கட்டு. எல்லாவற்றிலும் இடப்பக்கம் நிற்கும் குறி ஒன்றாவது இருக்கிறது. ஆற்காட்டிலும் குடியாத்தத்திலும் உகரம் கழன்றது. காட்பாடி மாதிரிச் சில பெயர்கள்தான் ஓரளவு பிழைத்தன. பிள்ளைகளுக்கு நம் ஊரைப் பற்றிச் சொல்லித்தர உட்கார்ந்தவனுக்கு ஊரின் பெயரையே எழுத முடியவில்லை என்றால் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்தத் திரையை நினைத்தால் வருகிறது.

வழி காட்டியவர் லாங் பஜார் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு டிடிபி அண்ணன். "யூனிகோட விடு. செந்தமிழ், பாமினி மாதிரி பழைய எழுத்துருல அடி" என்றார். அந்த எழுத்துருக்களில் கொம்பு ஒரு தனி எழுத்து, 'லு' ஒரு தனி எழுத்து. தட்டச்சு மிஷினில் அடிப்பது போலக் கொம்பை முதலில் அடித்துவிட்டு வகரத்தை அடிக்க வேண்டும். ஃப்ளாஷ் வந்த வரிசையில் நிற்க வைக்கும், பார்க்கச் சரியாக இருக்கும். அதன் பிறகு கன்ட்ரோல் பி இரண்டு முறை. முதல் முறையில் சொல் தனித்தனி எழுத்தாக உடையும். இரண்டாவது முறையில் எழுத்து வெறும் வடிவமாகிவிடும். அப்புறம் எந்தக் கணினியிலும் அது கலையாது. அங்கே எழுத்துரு இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே இல்லை. வேலூர் என்ற சொல் ஒரு படமாகிவிட்டது.

ஆனால் படத்தைத் திருத்த முடியாதே! ஒரு ஒற்று விட்டுப்போனாலும் முழு வாக்கியத்தையும் திரும்ப அடித்து, திரும்ப உடைத்து, திரும்ப இடம் பார்த்து வைக்க வேண்டும். 2019-ல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தபோது என் மாவட்ட வரைபடப் பாடத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்ப்பட்டைகளைத் திரும்பச் செய்தேன். இரண்டு வாரம், ராத்திரி ராத்திரியாக. அன்றைக்கே இந்த மென்பொருளைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னார்கள். இன்னும் யாராவது இதில் வேலை செய்கிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். உடைப்பதற்கு முன்னால் அந்த எழுத்தை ஒரு கைடு லேயரில் பிரதி எடுத்து வையுங்கள். கைடு லேயர் வெளியீட்டில் வராது, கோப்பிலேயே இருக்கும். இதை நான் 2019-க்குப் பிறகுதான் செய்ய ஆரம்பித்தேன்.

இதையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஓடும்போது மாறுகிற எழுத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாடத்தின் கடைசியில் ஒரு வினாடி வினா உண்டு. பிள்ளை தன் பெயரை அடித்தால், பெயரோடு மதிப்பெண் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தக் கட்டத்தில் எழுத்தை முன்கூட்டியே உடைத்து வைக்க முடியாது. பழைய எழுத்துருவைப் போட்டால் பிள்ளைக்கு அந்த விசைப்பலகை தெரியாது. கணினியின் சொந்த எழுத்தை எடுத்துக்கொள் என்று விட்டால் ஒரு கணினியில் சரியாக வரும், அடுத்ததில் வராது. கட்டத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்தாலோ எழுத்தே காணாமல் போய்விடும். கடைசியில் பெயரை எடுத்துவிட்டு வரிசை எண் கேட்கிற மாதிரி மாற்றினேன். குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் பாடத்தைப் போட்டுக் காட்டியபோது, பத்துக்குப் பத்து வாங்கிய ஒரு பெண் திரையில் '17' என்று வந்ததைப் பார்த்துவிட்டு, "சார், என் பேரு வராதா?" என்று கேட்டாள். வராதம்மா என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அடோபி 2017-லேயே அறிவித்தபடி 2020 முடிவோடு ஃப்ளாஷ் பிளேயருக்கு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12-லிருந்து பிளேயரே கோப்புகளை ஓடவிடாமல் தடுத்தது. என் பாடங்களும் அதோடு போயிற்று என்று நினைத்தேன். பிளேயரையும் உள்ளே வைத்து இஎக்ஸ்இ கோப்பாக எடுத்த புரொஜெக்டர் சிடிகள் மட்டும் எப்போதும் போல ஓடின. பிறகு ரஃபிள் என்று ஒரு திறந்த மூல மென்பொருள் இருப்பது தெரிந்தது. பழைய ஃப்ளாஷ் கோப்புகளை இன்றைய பிரவுசரிலேயே ஓட்டிக்காட்டும். ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 1, 2-ல் எழுதியவற்றை அது நன்றாகவே ஓட்டுகிறது, 3-க்குத்தான் ஆதரவு இன்னும் முழுமையாகவில்லை. கோட்டைப் பாடத்தை அதில் போட்டேன். அகழி அசைந்தது, விளக்கு எரிந்தது. 2006-ல் திட்டிக்கொண்டே உடைத்துப் போட்ட ஒவ்வொரு தமிழ் எழுத்தும் இம்மி பிசகாமல் வந்தது. கணினியின் எழுத்துருவை நம்பி விட்டிருந்தால் இப்படி வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வடிவமாக்கியதால் பிழைத்தது. குதிரை ஆற்காட்டை விட்டுக் கிளம்பி ஓடியதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு அந்தப் பெண்ணுக்கு நான் அனுப்பிய பதில்: வேண்டாம்மா, ஃப்ளாஷ் கற்றுக்கொள்ளாதே.

பழையது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இன்றைக்கு நீ செய்வதைப் பத்து வருடம் கழித்துத் திருத்த வேண்டியிருக்கும். 2013-ல் வந்த ஃப்ளாஷ் சிசி பதிப்பிலிருந்து ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 1, 2-ல் நிரல் எழுதுவதற்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள். என் கோப்புகளை எழுதிய விதத்திலேயே திருத்த வேண்டுமானால் இந்தப் பெண்டியம் 4 உயிரோடு இருக்க வேண்டும், அடுத்த கெப்பாசிட்டர் எப்போது உப்பும் என்று எனக்கே தெரியாது. நீ ஸ்கிராட்ச் எடுத்துக்கொள், பிள்ளைகளே கட்டங்களை அடுக்கி நிரல் செய்கிற மென்பொருள். பழைய 1.4 அல்ல, 2019-ல் வந்த 3. அதில் ஃப்ளாஷ் மாதிரி படங்களை நேர வரிசையில் அடுக்குகிற டைம்லைன் கிடையாது. மேடை 480க்கு 360 என்று சின்னது. ஆனியன் ஸ்கின் இல்லாதது எனக்குப் பெரிய குறை, அதை மறைக்கவில்லை. ஆனால் 'பெயர் என்ன' என்று கேட்கிற பிளாக்கைப் போட்டு 'வேலூர்' என்று அடித்துப் பார்த்தேன். கொம்பு இடப்பக்கம் நின்றது. 'மேகலா' என்று அடித்தேன், 'தேன்மொழி' என்று அடித்தேன். பேச்சுக் குமிழியில் எல்லாம் சரியாக வந்தன. உன் வகுப்பில் யாருக்கும் வரிசை எண் தேவைப்படாது.

குதிரையை ஃப்ளாஷிலிருந்து பிஎன்ஜி வரிசையாக எடுத்து எட்டுப் படத்தையும் அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். ஸ்கிராட்ச்சில் ஓர் உருவத்தின் வேறு வேறு தோற்றங்களாக, அதாவது காஸ்ட்யூமாக, ஏற்றி ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினால் ஓடும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 0.08 நொடி விட்டுப் பார்க்கச் சொன்னேன், அதுதான் பழைய 12 ஃப்ரேம் வேகத்துக்குக் கிட்டத்தில் வரும். மூன்றாவது படத்தில் பின்னங்கால் கொஞ்சம் வழுக்குகிறது என்று நேற்று சொன்னாள். அது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கணினியைப் போட்டுச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.